மதகு நிறுத்தம்

அப்பாவுக்குக் கண்புரை அறுவை முடிந்த மறுநாள் நான் சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போனேன். இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், தீபாவளி முடிந்திருந்தது. கணவரையும் மகளையும் விட்டுவிட்டு, ஆபீஸில் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தேன். போன இடத்தில் வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வேளாவேளைக்கு அவர் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். அவர் குனியாமல், கனமான எதையும் தூக்காமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்க வேண்டும்.

சும்மா இருப்பது எனக்கு வராது. சமையலறை டப்பாக்களை எல்லாம் இறக்கிக் கழுவி, வேறு வரிசையில் அடுக்கினேன். அப்பாவுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டது. அதையெல்லாம் திரும்பப் பழைய வரிசைக்கே மாற்றினேன். மகளுக்குப் போன் செய்தால் "அம்மா, இப்பதானே பேசின" என்றாள். கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தேன். அப்பா கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு எடத்துல உக்காரேம்மா. நீ நடக்கற நடையில எனக்குத் தலை சுத்துது."

"நான் கொஞ்சம் டவுனுக்குப் போய்ட்டு வரட்டுமா?"

"போ. ஜாஸ்தி நேரம் ஆக்காத."

வீடு வேங்கிக்காலில் இருந்தது. கலெக்டர் ஆபீசைத் தாண்டி, புதிதாக மனை பிரித்த நகர்களில் ஒன்று. இந்த வீட்டில் நான் வாழ்ந்ததே கிடையாது. எண்பத்தொன்பதில் வடஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக ஆக்கியபோது, வேலூரிலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தாக்களில் அப்பாவும் ஒருவர். அப்போது கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். நான் எட்டாவது சேர்ந்தேன். ஊர் பிடிபட ஆரம்பித்த நேரத்தில் மறுபடியும் மாற்றல், மறுபடியும் வேலூர். அப்புறம் எனக்குப் படிப்பு, கல்யாணம், சென்னை. ஓய்வுபெறும் வயதில் அப்பாவே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு இங்கே திரும்பி வந்து, இடம் வாங்கி வீடு கட்டினார். அம்மா கொஞ்ச காலம் இந்த வீட்டில் இருந்தார், பிறகு இறந்துபோனார். நான் காலையில் வந்து மாலையில் கிளம்பும் விருந்தாளியாகவே இருந்தேன்.

சென்னையிலும் வீடு மாறிக்கொண்டேதான் இருக்கிறோம். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கும். அதனாலோ என்னவோ, அன்றைக்கு டவுன் பஸ்ஸில் ஏறியதும் எங்கள் பழைய தெருவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு பரபரப்பு வந்துவிட்டது.

நாங்கள் குடியிருந்த வீடு லாட்ஜ் ஆகியிருந்தது. கவுண்ட்டரில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரூமாங்க? பௌர்ணமி வரைக்கும் எதுவும் காலி இல்ல" என்றார். முன்பு இங்கே குடியிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு நிமிஷம் நின்றேன். கால் நிற்கவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினேன்.

வேங்கிக்காலை நெருங்கும்போது கண்டக்டர் கத்தினார். "மதகு எறங்கறவங்க முன்னால வாங்க!"

எங்கள் நிறுத்தம் அதுதான். எண்பத்தொன்பதிலும் இதே பேர்தான். அப்போது வேலூருக்குப் போகும் வழியில் இந்தக் கூப்பாட்டை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மதகு என்றால் ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் வாய். இறங்கிச் சுற்றிலும் பார்த்தேன். செல்போன் ரீசார்ஜ் கடை, சிமெண்ட் கம்பி விற்கும் கடை, பரோட்டா ஸ்டால். ஏரிக்கரையும் இல்லை, மதகும் இல்லை. வேங்கிக்கால் ஏரி இருப்பது ரோட்டுக்குக் கிழக்கே, அதுவும் தள்ளி.

பஸ் கிளம்புவதற்குள் படிக்கட்டில் நின்றிருந்த கண்டக்டரிடம் கேட்டேன். "இங்க மதகு எங்க இருக்கு?"

"பேருதாம்மா மதகு. அது எங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லி விசில் ஊதிவிட்டார்.

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அப்பாவிடம் கேட்டால், "நாங்க வந்தப்பவே அப்படித்தான் சொல்வாங்க" என்பதோடு முடித்துக்கொண்டார். எதிர்வீட்டு டீச்சரிடம் கேட்டேன். ஓய்வுபெறச் சில வருஷங்களே பாக்கியிருந்த தமிழ் டீச்சர். தெருவின் இந்தப்பக்கம், எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஒட்டியிருந்த காலி மனையும் அவருடையதுதான். மகனுக்கு வீடு கட்ட வைத்திருந்தார்.

"அது மதகே இல்லம்மா, மடக்கு. பஸ்ஸு மடங்கற எடம். கண்டக்டருங்க வாயில மதகுன்னு ஆயிடுச்சு" என்றார் டீச்சர், வகுப்பில் சொல்கிற மாதிரி.

அப்பாவுக்கு அந்த விளக்கம் பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் ரோடு நேராகத்தான் போகிறது.

அப்புறம் தினமும் அப்பாவுக்கு மருந்து விட்டு, சோறு போட்டுவிட்டு, ஏதாவது சாக்கு சொல்லி வெளியே போனேன். சிமெண்ட் கடைக்காரர் அது பழைய அரிசி மில்லின் பேர் என்றார். பரோட்டா ஸ்டாலில் ஒருவர், இங்கே முதலில் வீடு கட்டினவரின் பட்டப்பேர் என்று அடித்துச் சொன்னார். தெருத்தெருவாக அலைந்தேன். எல்லாத் தெருவும் ஒன்றுபோல இருந்தன. புது வீடுகள், கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் பாதி வீடுகள், நடுநடுவே சீமைக்கருவேலம் முளைத்த மனைகள். மலை எல்லா இடத்திலிருந்தும் தெரிந்தது. ஊருக்குப் பழையது என்று அது ஒன்றுதான் இருப்பதுபோலத் தோன்றியது. திரும்பி வரும்போது கால் வலிக்கும். மறுநாள் திரும்பவும் கிளம்புவேன்.

"தொலைச்ச எடத்த விட்டுட்டு இங்க வந்து இன்னாம்மா தேடற?" என்றார் அப்பா. அவருக்கு வேடிக்கை. எனக்குச் சுருக்கென்றது.

அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. அதற்கு முந்தைய சில வருஷங்கள் மழையே சரியாக இல்லை. அந்த வறண்ட வருஷங்களில்தான் இந்த நகர்களெல்லாம் எழும்பின. ராத்திரி முழுக்கக் கொட்டி, விடிந்தும் விடவில்லை. கொல்லைக்கதவைத் திறந்தபோது கணுக்காலுக்குத் தண்ணீர் நின்றது. டீ போட்டு முடிப்பதற்குள் மேல்படிக்கு ஏறிவிட்டது.

எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று பக்கம் காம்பவுண்டுச் சுவர். ஆடுகள் செடிகளைத் தின்கின்றன என்று அம்மா நச்சரித்துக் கட்டவைத்தது. மேற்கே, கொல்லைப்பக்கம் எழுப்புவதற்குள் அவர் படுத்துவிட்டார். அதற்கப்புறம் அப்பாவுக்கு மனசு வரவில்லை. அங்கே முள்கம்பி வேலி மட்டும்தான். அந்த வேலி வழியாகத்தான் செம்மண் கலந்த தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. வந்தது வெளியே போகவில்லை.

அரிசி மூட்டையை மேசைமேல் ஏற்றினேன். அப்பாவைக் கட்டிலில் காலைத் தூக்கி உட்காரவைத்தேன். துடைப்பத்தால் தள்ளத் தள்ளத் தண்ணீர் கூடத்துக்குள் வந்தது. துடைப்பத்தை வீசிவிட்டு, "இது எங்கேருந்து வருதுன்னு பாத்துட்டு வரேன்" என்றேன்.

"இந்த மழையிலயா? பைத்தியமா உனக்கு?"

குடையை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிவிட்டேன்.

தண்ணீர் தெருக்களை மதிக்கவே இல்லை. ஒரு மனைக்குள் புகுந்து இன்னொரு மனை வழியாக வெளியே வந்தது. நானும் அதற்கு எதிராகவே நடந்தேன். செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று, இன்னொன்றையும் கழற்றி எறிந்தேன். சில தெருக்கள் தாண்டியதும் ஒரு ரோடு குறுக்கே வந்தது. இத்தனை நாளும் அதில் நடந்திருக்கிறேன். அது மற்ற ரோடுகளைவிட மேடாக, நீளமாக, லேசாக வளைந்து போகிறது என்பதை மழையில்தான் பார்த்தேன். அதற்கு அந்தப்பக்கம், மலையைப் பார்த்த பக்கம், வீடுகளுக்கு நடுவே தண்ணீர் குளம்போல விரிந்து கிடந்தது.

ரோட்டோரத்தில் ஓட்டு வீடு ஒன்று. பின்னால் மாட்டுக்கொட்டகை. சத்தம் அங்கிருந்து வந்தது. யாரோ பெரிய குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. கேட்காமலே உள்ளே போய்விட்டேன்.

இரண்டு கல்தூண்கள், ஆளுயரத்துக்கு மேல். அவற்றை இணைத்துக் குறுக்கே ஒரு கல்பலகை. ஒரு தூணில் மாடு கட்டியிருந்தது. தூண்களுக்குக் கீழே, மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்தது.

"யாரும்மா அது?" கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம்.

"அக்கா, இது இன்னா கல்லு?"

"மாடு கட்டற கல்லு."

"எப்பேருந்து இருக்கு?"

"நான் கீழ்பென்னாத்தூர்லேருந்து கட்டிக்கினு வந்தப்பவே இருந்துச்சு. புடுங்க முடியல, வுட்டுட்டோம். தண்ணி வந்து நான் பாத்ததில்ல. இன்னிக்குத்தான் இந்தக் கூத்து."

நான் தூணைத் தொட்டேன். சாணிப் பூச்சு மழையில் கரைந்து, எழுத்து போன்ற கீறல்கள் விரலுக்குத் தட்டுப்பட்டன. அதற்கு மேலே ஓர் உருவம். கொண்டை போட்ட பெண், கைகூப்பி நிற்கிறாள். நான் சிரித்துவிட்டேன். குடையைக் கீழே போட்டுவிட்டு, மழையில் நின்று சத்தமாகச் சிரித்தேன்.

"மதகுக்கா! இதுதான் மதகு! இந்த ரோடுதான் கரை! அந்தப்பக்கம் பூரா ஏரிதான் இருந்திருக்கு!"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது.

வேங்கிக்கால் பெரிய ஏரிக்கு மேலே ஒரு தாங்கல், சின்ன ஏரி, இருந்திருக்க வேண்டும். மலைத்தண்ணீர் அதில் தங்கி, மதகு வழியாக இறங்கி, கால்வாயில் ஓடிப் பெரிய ஏரிக்குப் போயிருக்கும். கால்வாய் எங்கே என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் தண்ணீர் ஓடும் திசையைத் திரும்பிப் பார்த்தேன். நான் நடந்து வந்த வழி அப்படியே நேராகத் தெரிந்தது. அதன் கடைசியில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி.

சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பி ஓடினேன்.

அப்பா கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கட்டில் கால் பாதி முழுகியிருந்தது. மூச்சு வாங்கச் சொன்னேன். மதகு, கரை, கால்வாய். நம் வீடு கால்வாய்க்கு நடுவில் இருக்கிறது. கிழக்குச் சுவரை உடைத்தால்தான் தண்ணீர் போகும்.

"அந்தச் சுவர ஒடைக்கறதா? உங்கம்மா ஆசப்பட்டுக் கட்டினது அது ஒண்ணுதான்."

"அப்பா, வீடு போயிடும்."

"நீ நாலு நாளா மதகு மதகுன்னு அலஞ்ச. இப்ப எதப் பாத்தாலும் உனக்கு மதகாத்தான் தெரியும்."

எனக்கு அழுகை வந்தது. துடைப்பத்தைத் தேடினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கொல்லைக்குப் போய்த் தண்ணீரில் நின்றார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவருக்கு என்ன தெரிந்ததோ. கொஞ்சநேரம் அசையாமல் நின்றார். பிறகு என்னை இழுத்துக்கொண்டு கிழக்குச் சுவர் வரை நடந்து, அங்கேயும் நின்றார்.

"அங்க தண்ணி காலத் தள்ளுதும்மா. இங்க தேங்கிப் போய் நிக்குது" என்றார். "கடப்பார எங்க வச்ச?"

நான் எடுத்து வருவதற்குள் டீச்சர் குடையோடு வந்துவிட்டார். அவர் வாசலிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் பேச்சு தெருவரை கேட்டிருக்கும்.

"சார், என் மனையில தண்ணிய வுட்டுடாதீங்க. மணல் கொட்டி வச்சிருக்கேன், சொல்லிட்டேன்."

"நான் வுடல டீச்சர். அது போற வழி."

"எது வழி? பத்திரத்துல வழின்னு போட்டிருக்கா?"

"வந்து பாருங்க டீச்சர், மதகு இருக்கு. நான் காட்டறேன்" என்றேன்.

"நான் எதுக்கும்மா பாக்கணும்? எனக்கு என் மனைதான் முக்கியம்."

அதற்குள் மாட்டுக்காரப் பெண் ஒரு கையில் மண்வெட்டியும் இன்னொரு கையில் நான் போட்டுவிட்டு வந்த குடையுமாக வேலியைத் தாண்டி வந்தார். "நீ ஓடன ஓட்டத்தப் பாத்து, யாருக்கு இன்னா ஆச்சோன்னு பின்னாலயே வந்தேன்" என்றவர், முற்றத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குப் பாத்துக்கினு நிக்கறீங்க?" என்றார்.

டீச்சர் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் வாசல்படியைத் தாண்டியிருந்தது. "ஒடைங்க" என்றார். "மணல் போச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

நான் கடப்பாரையை ஓங்கியபோது அப்பா கையை நீட்டினார்.

"குடு."

"டாக்டர் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"அவ கட்டச் சொன்னது. மொதல் அடிய நான்தான் போடணும்."

கொடுத்தேன். பலமாகக்கூட அடிக்கவில்லை, செங்கல்லில் ஒரு வடு விழுந்ததோடு சரி. கடப்பாரையை என்னிடம் தந்துவிட்டு, அந்த அக்கா கொண்டுவந்த குடையை விரித்து எங்கள் தலைக்கு மேல் பிடித்தார். நாங்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே தெப்பலாக நனைந்திருந்தோம். சுவர் விழும் வரை அவர் குடையை இறக்கவே இல்லை.

ஒரு செங்கல் பெயர்ந்ததும் மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. ஆள் நுழையும் அளவுக்கு வாய் திறந்து, செம்பருத்தியை வேரோடு பிடுங்கிக்கொண்டு, டீச்சரின் மணலைக் கரைத்துக்கொண்டு பாய்ந்தது. மெயின் ரோட்டுக்கு அடியில் போகும் சிறுபாலத்தில் கட்டட இடிபாடு அடைத்திருந்தது. சிமெண்ட் கடையிலிருந்தவர்கள் இறங்கிக் கம்பியால் குத்தி அதை எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் எங்கள் கூடத்தில் சேறு மட்டும்தான் மிச்சமிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரை நான் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா இரண்டு தடவை, "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டார்.

கண் டாக்டர் அப்பாவைக் கன்னாபின்னாவென்று திட்டினார். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. டீச்சர் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் சென்னைக்குத் திரும்பினேன்.

பொங்கலுக்குப் போனபோது, கல்லூரியில் வரலாறு சொல்லித்தரும் ஒருவரைக் கூட்டிப்போய்க் கல்லைக் காட்டினேன். அவர் பிரஷ்ஷால் தேய்த்து, மாவைப் பூசி, வெயில் சாயும்வரை குந்தியிருந்து பார்த்தார். எழுத்து மிகவும் தேய்ந்துவிட்டது, பேர் படிக்கமுடியவில்லை, மதகு வைத்தவள் கல்லில் இருக்கும் இந்தப் பெண்ணாக இருக்கலாம் என்றார். "பொம்பளயா?" என்று மாட்டுக்கார அக்கா கிட்டே வந்து பார்த்தார். அவ்வளவுதான் தெரிந்தது. எனக்கு அது போதவில்லை. இன்னும் இரண்டு மூன்று பேரைக் கூட்டிப் போனேன். அவர்களாலும் முடியவில்லை.

கோடையில் டீச்சர் மகனுக்கு வீடு கட்ட ஆரம்பித்தார். அப்பா போனில் சொன்னார். அந்த இடத்தில் சுவர் எழும்பினால் எல்லாம் பழையபடிதான். உடனே பஸ் ஏறிப் போனேன். கடைக்கால் தோண்டியாகிவிட்டது. எங்கள் சுவரின் ஓட்டைக்கு நேராக, மனையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு வண்டி போகும் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார். மேஸ்திரி அதை வீண் என்று வாதாடிக்கொண்டிருந்தார். டீச்சர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அப்பாவிடம் மட்டும் பேசினார்.

"தண்ணிக்காக வுடல சார். வாஸ்து பாத்தவரு வடக்கால எடம் வுடச் சொன்னாரு."

"நல்லதுங்க டீச்சர்" என்றார் அப்பா. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அடுத்த ஐப்பசியில் திருவண்ணாமலையில் நல்ல மழை என்று டீவியில் சொன்னார்கள். ஆபீஸிலிருந்தே போன் செய்தேன். நீண்ட நேரம் மணி அடித்த பிறகுதான் அப்பா எடுத்தார்.

"தண்ணி வந்துச்சாப்பா?"

"வந்துச்சு. கொல்லையில முட்டி வரைக்கும் வந்து, ஒடச்ச வழியா போய்க்கினே இருக்கு."

"நான் கெளம்பி வரட்டுமா?"

"நீ வந்து இன்னா பண்ணப் போற? இரு, டீச்சர் கூப்புடறாங்க. பாலத்துல ஏதோ தென்ன மட்ட மாட்டிக்கிச்சாம். அப்பறம் பேசறேன்."

போனைச் சரியாகக்கூட வைக்காமல் போய்விட்டார். அந்தப்பக்கம் மழை பெய்வது கேட்டுக்கொண்டிருந்தது.